தொண்டை நாட்டில் பாலும் மோரும்

இன்று கார் ஆலைகளும் மின்னணு ஆலைகளும் நிறைந்து, ஷிப்ட் மாறும் வேளைகளில் டீக்கடைகளில் கூட்டம் நெருக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி, பழைய தொண்டை நாட்டின் ஏரிப்பாசன நிலமாகும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, ஆயர்குடிப் பெண் ஒருத்தியின் அன்றாட வேலையை நுணுக்கமாகக் காட்டுகிறது: பறவைகள் எழும் விடியலில் மத்தை இழுத்துத் தயிர் கடையும் அவள், மோர்ப்பானையைச் சும்மாட்டின் மேல் ஏற்றிச் சென்று விற்று, அதற்கு மாறாகக் கிடைத்த உணவால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள், நெய்யின் விலைக்கோ பொன்னை வாங்காமல் எருமையையும் பசுவையும் கிடாரியையும் பெறுகிறாள். இக்காட்சியில் பால் பாலாக விலைபோகவே இல்லை. வெயில் மிகுந்த நாட்டில் கறந்த பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் ஆதலால், உறை ஊற்றுவதும் நெய்யாக உருக்குவதுமே அதைக் காக்கும் வழிகளாக இருந்தன. சோழர் காலத்தில் கோயில்களின் நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கப்பட்டதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே.

பசும்பால் மனிதருக்கு இயற்கையானதா என்று பொதுப்படக் கேட்பதைவிட, எவருக்கு, எந்த வடிவில் என்று கேட்பதே பொருந்தும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க உதவும் லாக்டேஸ் என்ற நொதி, உலக மக்களில் பெரும்பாலோருக்குத் தாய்ப்பால் மறந்தபின் குறைந்துவிடுகிறது. அதனைக் குறையாமல் காக்கும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் மிகுந்தும் தெற்கிலும் கிழக்கிலும் அருகியும் காணப்படுகிறது. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லாக்டோஸ் ஒவ்வாமை டெல்லியில் 27.4 விழுக்காட்டினருக்கும், திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய தென்னக மையங்களில் 66.6 விழுக்காட்டினருக்கும் இருப்பதாகக் கண்டது. தயிரில் உள்ள நுண்ணுயிர்களோ அச்சர்க்கரையின் ஒரு பகுதியைத் தாமே உடைத்துவிடுகின்றன. நெய்யில் அது ஏறக்குறைய இல்லை. ஆய்ச்சியர் காரணம் அறிந்து இதைச் செய்தனர் என்று கூற இயலாது; கெடாமல் காக்கும் முறை வயிற்றுக்கும் இசைந்ததாக அமைந்தது.

பாலை நாள்தோறும் அனைவரும் பருகும் வழக்கம் இங்குப் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் காப்பியும், பின்னர்த் தேநீரும் அதனைப் பரப்பின. மேற்கண்ட ஆய்வு வெளிவந்த அதே 1981இல்தான் ஆவின் எனப்படும் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையமும் தொடங்கிற்று. ஆயினும், லாக்டோஸ் ஒவ்வாமையை அறியும் சோதனைகளில் வழக்கமாகத் தரப்படும் 50 கிராம் லாக்டோஸ் ஏறத்தாழ ஒரு லிட்டர் பாலில் உள்ள அளவாகும். ஒவ்வாமை உடையோரிலும் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தொல்லையின்றித் தாங்குவர். டீக்கடைக் குவளையில் கலக்கும் பாலில் அதுகூட இராது.