பெங்களூரு சைக்கிள் பந்தய அணிகள்

2000-களின் பிற்பகுதியிலிருந்து, பெரும்பாலும் தனியார் ஆர்வலர்கள், கடைக்காரர்களின் ஆதரவில் பெங்களூரில் வளர்ந்த அமெச்சூர் அணிகள் இவை. ஸ்பெஷலைஸ்ட்–கின்கினி, ஸ்பெக்ட்ரம் ரேசிங், கிளீட்டட் வாரியர்ஸ் ஆகிய பெயர்களை அக்காலத்துப் பந்தய வீரர்கள் இன்றும் பாசத்தோடு சொல்வார்கள்.

பந்தய சைக்கிள் இந்நகரத்துக்குப் புதிதாக இருந்தாலும் சைக்கிள் புதிதல்ல. ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன் போன்ற பழைய கன்டோன்மென்ட் பகுதிகளின் தமிழர்களுக்கு ஹெர்குலிஸ் சைக்கிள் வீட்டில் பழகிய பெயர். பர்மிங்ஹாமில் பிறந்த அந்த சைக்கிளை, பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் கூட்டாக முருகப்பா குழுமம் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையின் அம்பத்தூரில் தயாரித்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960-இல் ராலே நிறுவனத்தையும் வாங்கியது. பிரிட்டனில் மலைச் சைக்கிள் பந்தயம் சூடுபிடித்தபோது ராலே தன் பெயரில் அணி வைத்து ஓட்டியது. 1990-இல் அமெரிக்காவின் துராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக மலைச் சைக்கிள் போட்டியில், மேட்டில் ஏறும் பந்தயத்தை வென்றவர் பிரிட்டனின் டிம் கூல்ட். இறக்கப் பந்தயத்தில் பாய்ந்த இன்னொரு பிரிட்டிஷ் வீரர் ஜேசன் மெக்ராயை, ராலே போலவே அணி வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான ஸ்பெஷலைஸ்ட் பின்னர் எடுத்துக்கொண்டது. 1995-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் மறைந்தார்.

அதே ஸ்பெஷலைஸ்டின் பெயர் பின்னாளில் பெங்களூரு ஜெர்சிகளில் ஏறியது. அதன் பக்கத்தில் இருந்த கின்கினி, ஓர் ஓவியக்கூடத்தின் பெயர். அதை நடத்திய விவேக் ராதாகிருஷ்ணன் சைக்கிள் பித்தில் அணியையும் நடத்தினார். ஜெயநகரில் பம்ஸ் ஆன் த சாடில் என்ற சைக்கிள் கடை புதியவர்களைப் பந்தயத்துக்குள் இழுத்துவந்தது.

ஸ்பான்சர் என்றதும் பணக்கட்டு என்று நினைக்க வேண்டாம். தள்ளுபடி விலையில் ஒரு சைக்கிள், கொஞ்சம் டயரும் டியூபும், ஒரு ஜெர்சி; பெரும்பாலானோருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் அது சின்ன உதவியல்ல. இறக்குமதி சைக்கிளுக்கு வரியே 2012 முதல் 30 சதவீதமாக இருந்தது. 2023 பட்ஜெட்டில் அது 35 ஆனது.

பலர் பகலில் அலுவலகத்துக்குப் போகிறவர்கள். விடியுமுன் பல்லாரி சாலையில் வடக்கே கிளம்பி, 1,478 மீட்டர் உயர நந்தி மலையில் கொண்டையூசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் மூச்சைப் பிடித்து ஏறிவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவார்கள். மண்பாதை பிடித்தவர்களுக்கு துரஹள்ளியும் அவலஹள்ளியும். உள்ளூர்ப் பந்தயங்களை பெங்களூரு பைசிக்கிள் சாம்பியன்ஷிப்ஸ் நடத்தியது. நீண்ட சவாரிக்கு 2008 முதல் டூர் ஆஃப் நீலகிரிஸ்.

இந்த வட்டத்திலிருந்து மேலே போனவர் நவீன் ஜான். கின்கினி அணியில் ஓட்டிய இவர், 2016-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டேட் ஆஃப் மேட்டர் மாப் அணியில் சேர்ந்து, சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் கான்டினென்டல் தர அணியில் இடம்பெற்ற முதல் இந்தியரானார்.

மெக்ராயையும் கூல்டையும் பிரிட்டிஷ் ரசிகர்கள் பழைய பத்திரிகைகளையும் ஜெர்சிகளையும் காத்து வைத்து நினைவில் நிறுத்தியிருக்கிறார்கள். பெங்களூரு அணிகளும் அந்த மரியாதைக்கு உரியவை. அக்காலத்து ஜெர்சியோ பந்தய எண் அட்டையோ முடிவுப் பட்டியலோ வைத்திருப்பவர்கள், பழைய பேப்பரோடு அதைப் போட்டுவிடாமல், ஆண்டும் பந்தயத்தின் பெயரும் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.