கொழும்பில் இருந்த 500 ஹபஷியர்

(தொடர் – 4)

மதீனாவில் தொழுகைக்கான முதல் பாங்கைச் சொன்னவர் நபித்தோழர் பிலால் என்பதையும், ஹபஷித் தாய்க்குப் பிறந்து அடிமையாய்ச் சித்திரவதைப்பட்ட அவரை அபூபக்கர் விலைகொடுத்து விடுவித்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தாயின் நாட்டவர்கள், அபிசீனியர்கள், நம் நாட்டில் கால் வைத்தது எப்போது? அதற்குச் சாட்சி சொல்பவர் நம் சப்ரகமுவ மலைக்கு வந்துபோன ஒரு யாத்திரிகர்.

1344. மாலைதீவில் காதியாக, அதாவது நீதிபதியாக, இருந்துவிட்டுத் தமிழகக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று புத்தளத்தில் கொண்டுவந்து சேர்த்தது. மொரோக்கோவில் பிறந்தவர், அப்போது வயது 40. அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே கிழக்காப்பிரிக்காவின் மொகதிசுவிலும் கில்வாவிலும் சுல்தான்களின் விருந்தாளியாக இருந்தவர். கில்வா நகரத்தாரில் பெரும்பாலோர் கறுப்பர்கள் என்றும், அவர்களுடைய சுல்தான் வாரி வழங்கும் வள்ளல் என்றும் எழுதிவைத்தவர். ஆப்பிரிக்கரை அரசராகவும் அறிஞராகவும் கண்டு பழகிய கண்கள் அவருடையவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தளத்தில் அவரை வரவேற்றவர் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆதம் நபியின் பாதம் பதிந்த மலைக்குப் போகவேண்டும். மன்னர் பல்லக்கு கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் 4 பேர், பிராமணர்கள் 3 பேர், அரண்மனை ஆட்கள் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர் என்று 32 பேரைத் துணைக்கு அனுப்பினார். நாம் சிவனொளிபாதம் என்று கும்பிடும் மலைக்கு, முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர் யோகிகள் வழிகாட்டப் போனார். இன்று இதைப் படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

வழியில் கண்டதையெல்லாம் எழுதினார். கொழுந்து பறிப்பவர்களுக்கும் பால் வெட்டுபவர்களுக்கும் நான் சொல்லித் தெரியவேண்டாத ஒன்று அதில் இருக்கிறது: அட்டை. புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், ரத்தம் பெருகும், எலுமிச்சையைப் பிழிந்தால் விழுந்துவிடும் என்கிறார். உச்சிக்கு ஏறப் பாறையில் இரும்புச் சங்கிலிகள், மொத்தம் 10. கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் வந்து, வாய் தானாகக் கலிமா என்ற விசுவாச உறுதிமொழியைச் சொல்லுமாம்.

நம் சப்ரகமுவவுக்கு ஆப்பிரிக்காவோடு வேறொரு தொடர்பும் உண்டு. பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையில் இருக்கும் ஜெய்லானி தலத்தை நம்மவர்கள் அறிவார்கள். 1166இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அங்கே தவமிருந்தார் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அவர் பெயரால் வழங்கும் காதிரிய்யா சூஃபி வழி, எத்தியோப்பியாவின் ஹராரிலும் சோமாலியாவின் பராவாவிலும் நைஜீரியாவின் சொகொட்டோவிலும் வேர்விட்டது. சொகொட்டோ அரசை நிறுவிய உஸ்மான் தன் ஃபோடியோ அந்த வழியில் வந்தவர்தான்.

மலையிறங்கிய இப்னு பதூதா தெவிநுவர, காலி வழியாகக் கொழும்புக்கு வந்தார். தீவின் மிக அழகான, மிகப் பெரிய நகரங்களில் ஒன்று என்று அதைப் பாராட்டிவிட்டு அடுத்த செய்தியைச் சொல்கிறார்: அங்கே இருப்பவர் கடலின் அதிபதியான வசீர் ஜாலஸ்தி, அவரோடு ஏறத்தாழ 500 ஹபஷியர்.

500 பேர்! அவர்கள் செய்த வேலையை விளங்கிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் பின்னே போகவேண்டும். 1342இல் குஜராத் கரையில் இப்னு பதூதா ஏறிய கப்பலில் 50 ஹபஷி வீரர்கள் இருந்தார்கள். இந்தியக் கடலின் பாதுகாப்புக்கு இவர்களே பொறுப்பு, ஒரு ஹபஷி கப்பலில் இருந்தாலும் கொள்ளையர் நெருங்கமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களில் 500 பேரைப் பக்கத்தில் வைத்திருந்தவர் கொழும்பின் அதிபதி.

ஆப்பிரிக்கர் என்றால் சங்கிலி, அடிமைச் சந்தை, கரும்புத் தோட்டம் என்றே நினைக்கப் பழகியிருக்கிறோம். 1820களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரைக் கூலி என்ற ஒரே சொல்லில் அடைத்த அதே எழுத்துதான் அவர்களையும் அடைத்தது. நம் தீவின் கறுப்பின வரலாற்றை அடிமைச் சந்தையிலிருந்து தொடங்குவது தவறு. வாளேந்திக் கடல் காத்தவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். அவர்களுடைய கப்பல்களிலும் ஆப்பிரிக்கர்கள் வந்து இறங்கினார்கள், இம்முறை விலைக்கு வாங்கப்பட்டவர்களாக. இலங்கை ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் இன்று வாழ்வது, இப்னு பதூதா கரையேறிய அதே புத்தளத்துக்குப் பக்கத்தில், சிரம்பியடியில். அவர்களில் பெரும்பாலோர் தொழப் பள்ளிவாசலுக்குப் போவதில்லை. பூசைக்குக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். இடையில் நடந்தது என்ன? கோவாவின் அடிமைச் சந்தைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)