அச்சில் பிறக்கும் அசல் ஓவியம்

நம் காலனிக் குழந்தைகளில் வங்க மொழி பயின்றோர் 'சஹஜ் பாட்' என்னும் சிறு நூலை அறிவர். கவியரசர் தாகூர் எழுதி 1930-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலில் கருமையும் வெண்மையுமாகப் பல சித்திரங்கள் காணப்படும். அவற்றை அமைத்தவர் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ். லினோலியம் என்னும் தரைவிரிப்புப் பொருளைச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கும் முறை அது. தண்டி யாத்திரையில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளையும் அவர் அதே ஆண்டில் அவ்விதமே செதுக்கினார்.

"அச்சுப் படம் என்றால் நகல்தானே, அதைப் பொருள் கொடுத்து வாங்கிச் சேர்ப்பானேன்?" என்று அன்பர் சிலர் வினவுவதுண்டு. ஓர் ஓவியத்தைப் புகைப்படமாக்கி அச்சிட்டால் அது நகலே. ஆனால் ஓவியர் தாமே மரக்கட்டையையோ, செப்புத் தகட்டையோ, கல்லையோ எடுத்து அதில் சித்திரத்தைப் படைத்து, தம் கையாலோ தம் மேற்பார்வையிலோ ஒற்றியெடுக்கும் ஒவ்வொரு தாளும் அசலே ஆகும். இருபத்தைந்து தாள்கள் எடுத்தால் இருபத்தைந்தும் உடன்பிறப்புகள். இவ்வேறுபாட்டைக் கற்க நாம் வாழும் இந்நகரத்தை விட்டு வேறு பள்ளி தேட வேண்டுவதில்லை.

தாமஸ் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இந்தியக் கைவினைஞரின் துணையுடன் கல்கத்தாவின் பன்னிரண்டு காட்சிகளைத் தகட்டில் அமைத்து, 1786 முதல் 1788 வரை வெளியிட்டார். 1816-இல் கங்காகிஷோர் பட்டாசார்யர் 'அன்னதாமங்கல்' காவியத்தைப் படங்களுடன் அச்சிட்டார். படங்களுடன் வந்த முதல் வங்க நூல் அதுவே. அதில் செதுக்கியவராகக் கையொப்பமிட்டவர் ராம்சந்த் ராய். பின்னர் சித்பூர்ச் சாலையை ஒட்டிய பட்தலாப் பகுதியில் மரக்கட்டைச் சித்திரங்கள் பெருகின. 1878-இல் அன்னதாபிரசாத் பாக்சியும் அவருடைய மாணவர்களும் பௌபஜாரில் 'கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ' நிறுவி, கல்லச்சில் தெய்வ உருவங்களை வெளியிட்டனர். காளிகட்டத்துப் பட்டுவாக்கள் கையால் தீட்டிய படங்கள் இவ்வச்சுப் படங்களுக்கு முன் நிற்கமாட்டாமல் மெல்ல மறைந்தன.

1894-இல் பம்பாயில் ராஜா ரவிவர்மாவின் அச்சகம் தோன்றியது. அங்கிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் தென்னாட்டு இல்லங்களின் பூஜையறைகளில் குடியேறி, நம் முன்னோருடன் வங்கத்துக்கும் வந்தனர். ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தீட்டியதை வேறு தொழிலாளர் கல்லில் பெயர்த்தெழுதி அச்சிட்டமையால், முன்னர்க் கூறிய பொருளில் அவை அசல் அல்ல. எனினும் நூறாண்டு கண்ட தாள்கள் என்ற முறையில் அவை பேணத்தக்கனவே.

ஓவியரே அச்சுக்கலையைத் தம் கலையாகக் கொண்ட காலம் அடுத்து வந்தது. 1916-இல் தாகூருடன் கடல் கடந்த இளைஞர் முகுல் தே, சிகாகோ நகரில் அமிலத்தால் தகட்டை அரித்துச் சித்திரம் எடுக்கும் எட்சிங் முறையைக் கற்றார். 1928-இல் அவர் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியின் முதல்வரானார். ஜோராசாங்கோ இல்லத்தில் ககனேந்திரநாத் தாகூர் 1917-இல் தம் கேலிச் சித்திரங்களைக் கல்லச்சில் தொகுதிகளாக வெளியிட்டார். சாதிச் செருக்கும் போலி நாகரிகமும் அவற்றில் நகைப்புக்கு இலக்காயின.

பின்னர் வந்தது 1943-ஆம் ஆண்டின் பஞ்சம். சித்தபிரசாத் பட்டாசார்யர் மேதினிபூர் மாவட்டத்தில் சுற்றித் தாம் கண்ட துயரத்தை வரைந்தும் எழுதியும் 'பசித்த வங்கம்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சிறு நூலாக வெளியிட்டார். அன்றைய அரசு அதன் பிரதிகளைப் பறித்து எரித்தது. குடும்பத்தார் காத்து வைத்த ஒரு பிரதியே எஞ்சியது. அதைக் கொண்டு 2011-இல் அந்நூல் மீண்டும் அச்சேறியது. ஒரு வீடு ஒரு தாளைப் பேணியதால் ஒரு நாட்டின் துயரக் கதை அழியாமல் நின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே பஞ்சத்தைக் கண்ட சோமநாத் ஹோர் அவ்வேதனையை வாழ்நாள் முழுதும் மறந்தாரல்லர். 1970-களில் வெள்ளைத் தாட்கூழிலேயே வடுக்களைப் பதித்து, 'காயங்கள்' என்னும் வரிசையைப் படைத்தார். அவரைப் போலவே 1921-இல் பிறந்த ஹரேன் தாஸோ வங்கக் கிராமத்தின் ஏரையும் படகையும் மரத்தில் நுணுகிச் செதுக்கினார். நம் தமிழகத்திலும் தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன் அச்சுக்கலையில் பெயர் பெற்றவர்.

இனி, வாங்க விரும்புவோர் காண வேண்டிய அடையாளங்களைக் கூறுவோம். தற்கால அச்சோவியத்தின் கீழ் விளிம்பில் பென்சிலால் எழுதியிருக்கும்: இடப்பக்கம் எண், வலப்பக்கம் கையொப்பமும் ஆண்டும். 7/25 என்றால் இருபத்தைந்து தாள்களில் ஏழாவது எனக் கொள்க; ஏழாந்தரம் என்பதன்று. 'ஏ.பி.' என்றிருப்பின் ஓவியர் தமக்கென எடுத்த பிரதி. டேனியல் காலத்துத் தாள்களில் பென்சில் கையொப்பம் இராது. அவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. செப்புத் தகட்டில் எடுத்ததாயின் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும்.

உருப்பெருக்கியால் நோக்குங்கால் வரிசை வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர நகல். நாமும் ஒருமுறை எட்சிங் என்று நம்பி ஒரு படத்தை வாங்கி வந்து, வீட்டில் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது புள்ளிகளைக் கண்டு நாணினோம். எண்ணும் கையொப்பமும் இருந்தும் அது நகலே. இக்காலத்தில் கணினி வழி எடுத்த நகல்களுக்கும் எண்ணிட்டு விற்கின்றனர். ஆகவே எம்முறையில் அச்சிட்டது, எத்தனை தாள்கள் எடுத்தனர், ஓவியர் வாழ்நாளிலேயே எடுத்ததா என்பவற்றைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குதல் நலம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்கள் பழக வேண்டும். விக்டோரியா நினைவு மண்டபத்தில் டேனியலைக் காணலாம். லேக் மார்க்கெட்டுக்கு அண்மையிலேயே பிர்லா கலைக்கழகமும் லலித் கலா அகாதெமியும் உள்ளன. கலைக்கல்லூரி மாணவரின் ஆண்டுக் காட்சிகளில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையிலும் நல்ல தாள்கள் கிட்டும். பெயரைக் கண்டு மயங்காது, நாள்தோறும் பார்க்க மனம் விரும்பும் ஒன்றையே தெரிந்தெடுத்தல் சாலச் சிறந்தது.

வங்கத்து மழைக்காலம் தாளுக்குப் பகை. படத்தின் மேல் கண்ணாடி ஒட்டாதபடி அமிலமற்ற அட்டையை இடையே வைத்துச் சட்டமிட வேண்டும். ஈரச் சுவரிலும் வெயில் படும் இடத்திலும் மாட்டலாகாது. மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டச் செய்தால் படம் கெட்டது என்றே கொள்ளலாம்.

அண்மையில் நம் காலனியில் ஒரு பெரியவர் காலமான பின், பெங்களூரிலும் அயல்நாட்டிலும் வாழும் மக்கள் வந்து வீட்டைக் காலி செய்தனர். மூன்று தலைமுறை வணங்கிய பழைய லட்சுமி படம் செய்தித்தாள்களுடன் எடைக்குப் போயிற்று. வருத்தத்தால் அன்றி அறியாமையால் எவரையும் குறை கூறோம். அது என்ன என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லத் தவறினோம்.

ஆதலின் அன்பர்களே, நம் வீட்டுச் சுவர்களில் உள்ளவற்றை இந்த ஆண்டே இறக்கித் துடைத்துப் பாருங்கள். எங்கு வாங்கியது, யார் வாங்கியது என்பதைத் தனித்தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கூறுங்கள். இயன்றவர் ஆண்டுக்கு ஓர் அச்சோவியமேனும் வாங்கிச் சேர்ப்பீராக. நமக்கு வாழ்வளித்த வங்கநாட்டின் கலையும், நாம் கொணர்ந்த தென்னாட்டுச் செல்வமும் ஒரே சுவரில் அருகருகே விளங்குதல் எத்துணை அழகு!