நகலான எண்ணும் மூலமான எண்ணும்

1957இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் மூன்று மாத மகனின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயின் விளிம்பை எண்களாக்கிப் பூமிக்கு அனுப்பியது. இரண்டுமே சதுரப் படங்கள். முன்னதற்குப் பக்கத்துக்கு 176 பிக்சல், பின்னதற்கு 200. எட்டாண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் கருவிகளின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் மூத்த படத்தை இயந்திரம் செய்தது; இளையதை முதலில் மனிதக் கைதான் தீட்டியது.

கிர்ஷின் ஸ்கேனர், சுழலும் உருளையில் சுற்றிய ஐந்து சென்டிமீட்டர் படத்தைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே கேள்வியைக் கேட்டது: வெளுப்பா, கறுப்பா? 30,976 புள்ளிகளுக்கு அத்தனையே விடைகள். மாரினரோ ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 64 படிகளில் அளந்தது. புள்ளிக்கு 6 பிட் வீதம் ஒரு படத்துக்கு 2,40,000 பிட். நொடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் ஒரு படம் வந்துசேர எட்டு மணி நேரம் பிடித்தது. கிர்ஷுக்குச் சாம்பல் நிறம் வாய்க்கவில்லை. மாரினரைக் கவனித்தவர்களுக்குப் பொறுமை வாய்க்கவில்லை.

இருவரும் தத்தம் குறையைக் கடந்த விதத்தில்தான் உறவு புலப்படுகிறது. கிர்ஷ் அதே புகைப்படத்தை வெவ்வேறு வெளிச்ச வரம்புகளில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, கிடைத்த கறுப்பு வெள்ளைப் படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாம்பலை வரவழைத்தார். கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலோ, விண்கலத்தின் நாடாப் பதிவுக் கருவி சரியாக இயங்கியதா என்றே ஐயம். கணினி முறையாகப் படத்தை ஆக்கித் தரும்வரை காத்திராமல், ரிச்சர்ட் கிரம் என்ற பொறியாளரின் குழு எண்கள் அச்சான காகிதப் பட்டைகளைப் பலகையில் வரிசையாக ஸ்டேப்பிள் அடித்தது. ஓவியப் பொருள் கடையில் சாம்பல் நிறச் சாக்குக்கட்டி கேட்டுப் போனவர் வண்ணப் பேஸ்டல்களோடு திரும்பினார். இந்த எண்களுக்குப் பழுப்பு, அந்த எண்களுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு மஞ்சள் என்று கட்டம் கட்டமாகத் தீட்டினார்கள். செவ்வாய்க்குப் பொருத்தமான நிறங்களாக அவை அமைந்தது நமக்கு வேடிக்கை. அவர்களுக்கு வேண்டியிருந்ததோ வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே.

படச் செயலாக்க வகுப்பில் முதல் சில நாட்களில் கற்பிக்கும் இரு பாடங்கள் இவை. வரம்பு வைத்து வெட்டுவது கிர்ஷ் செய்தது. எண்ணுக்கு நிறம் ஒதுக்குவது கிரம் செய்தது. வெப்பப் படக் கருவி இன்று நொடிப்பொழுதில் செய்வதும் அதையே. கணக்கு ஒன்றுதான், அதைச் செய்தது விரல் என்பதால் வேறாகிவிடாது.

ஆழமான வேற்றுமை இன்னொன்று. கிர்ஷின் எண்களுக்கு ஒரு மூலம் உண்டு: காகிதத்தில் புகைப்படம், வீட்டில் குழந்தை. எண்கள் பிசகினால் தந்தைக்குத் தெரிந்துவிடும். மாரினரின் கேமராவில் பிலிம் இல்லை; அனுப்பிய எண்களைத் தவிர அந்தப் படத்துக்கு வேறு மூலமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அருகே சென்று கண்டவரும் எவருமில்லை. அங்கே எண் நகல். இங்கே எண்தான் மூலம். நம் கைப்பேசிப் படங்களை முதல் ஸ்கேனரின் வாரிசுகள் என்பது வழக்கம். பிலிம் இல்லாமல் பிறப்பவை என்ற கணக்கில் அவற்றை நான் செவ்வாய்ப் படத்தின் வழியில்தான் சேர்ப்பேன்.

சதுரப் பிக்சல் கிர்ஷை உறுத்தியது. முதுமையில், 2010 அளவில், வெவ்வேறு வடிவப் பிக்சல்களால் படத்தை மென்மையாக்கும் நிரல் ஒன்றை எழுதி, ஐம்பதைத் தாண்டிவிட்ட அதே மகனின் புதிய படத்தில் முயன்று பார்த்தார். கையால் தீட்டிய செவ்வாய்ப் படத்தை யாரும் மென்மையாக்கவில்லை. சட்டமிட்டு வைத்திருக்கும் அதன் அருகே சென்று பார்த்தால், பேஸ்டல் பூச்சுக்கு அடியில் இலக்கங்கள் இன்னும் தெரிகின்றன.