நவாபின் தொலைநோக்கியும் துருவ அச்சும்

ஹைதராபாத் பிரபு நவாப் ஜஃபர் ஜங் பகதூர், டப்ளின் நகரத்துக் கிரப் நிறுவனத்தார் செய்த 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை விலைக்கு வாங்கினார். வானாய்வுக்கூடம் அமைக்க நிஜாம் மீர் மஹபூப் அலி கானிடம் 1901இல் அனுமதியும் பெற்றார். 1907இல் நவாப் வஃபாத்தானார். அடுத்த ஆண்டு நிஜாம் அரசு அக்கூடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆயினும் அந்தப் பெரிய தொலைநோக்கி பேகம்பேட்டையில் நிலைநிறுத்தப்பட்டது 1922இல்தான். வில்லை வாங்குவது ஒன்று. அதைத் தாங்கி நிறுத்துவது முற்றிலும் வேறொன்று.

நிஜாமியா வானாய்வுக்கூடத்திற்குப் பெயர் தேடித் தந்தது 8 அங்குலக் குக் ஒளிப்படக் கருவி. 1887இல் பாரிஸில் கூடிய அறிஞர்கள் வானம் முழுவதையும் ஒளிப்படம் எடுக்கத் திட்டமிட்டு, அதை வளையங்களாக வகுத்து நாடுகளுக்குப் பங்கிட்டனர். சிலி நாட்டு சாந்தியாகோ முடிக்க இயலாத தென்வான வளையத்தை ஹைதராபாத் ஏற்றது. பின்னர் ஜெர்மானியரின் பங்கிலும் ஒரு பகுதியைச் செய்து கொடுத்தது. பாஸ்கரன் இயக்குநராக இருந்த காலத்தில் பெரும்பகுதி நிறைவேறி, பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சிறிய கருவியின் சாதனை இது.

இதற்கு அடிப்படை அதன் தாங்கி. பூமியின் சுழற்சியால் வானம் ஒரு விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. மூன்று விநாடிகளில் வியாழன் கோளின் தோற்ற அகலத்தைக் கடந்துவிடும். படம் எடுக்கவோ நிமிடங்கள் வேண்டும். தாங்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கி, அதனைக் கடிகாரப் பொறியால் எதிர்த்திசையில் சுழற்றினால் விண்மீன் புள்ளியாகவே நிற்கும். இதையே கடைக்காரர் ஈக்வட்டோரியல் மவுண்ட் என்கிறார். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியும் விண்மீனைத் தொடரும். ஆனால் படத்தின் ஓரங்கள் சுழன்று கோடாகிவிடும்.

சேத்தியாத்தோப்பில் இஷா தொழுது மாடியேறும் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. துருவத்தின் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம். ஹைதராபாதில் அது 17 பாகைக்குச் சற்று மேல். இங்கு பதினொன்றரை பாகை கூட இல்லை. நம் ஊரைக் கடக்கும் வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையிலும் ஏறத்தாழ அவ்வளவே. அரபுக் கடலோடி இப்னு மாஜித் துருவ விண்மீனை "ஜாஹ்" என்றழைத்து, அதன் உயரத்தை விரற்கணக்கில் அளந்து கரையறிந்தார். கடலில் அடிவானம் திறந்திருக்கும். இங்கோ தென்னந்தோப்பு அவ்விண்மீனை மறைத்துவிடும்.

ஆகவே வாங்கும் முன் தாங்கியின் சாய்வளவு எத்தனை பாகை வரை இறங்கும் என்று கேட்க வேண்டும். குளிர்நாட்டாரை எண்ணிச் செய்தவை பல, அவ்வளவு தாழா. தாழ்ந்தாலும் எதிரெடைத் தண்டு முக்காலியின் முன்காலில் இடிக்கும். அதற்குக் குட்டையான தூண் ஒன்றை இடையில் வைப்பதே நல்லது. துருவ விண்மீன் தென்படாவிடில், உச்சிக்கோட்டருகிலும் கிழக்கிலும் உள்ள விண்மீன்களின் நகர்வைப் பார்த்து அச்சைத் திருத்தும் பழைய முறை கைகொடுக்கும். எடையில் தாராளம் தேவை: தாங்கும் எனக் குறித்த அளவில் பாதியோடு நிறுத்திக்கொள்வது எம் பரிந்துரை. பணம் குறைவென்றால் குழாயில் சிக்கனம் செய்யுங்கள், தாங்கியில் வேண்டாம்.

நிஜாமியாவில் பணியாற்றிய ஒருவரின் மகன் வைணு பாப்பு. அவர் உருவாக்கிய காவலூர் வானாய்வகம் நம் தமிழகத்தில் பன்னிரண்டரை பாகையில் உள்ளது. தாழ்ந்த அட்சரேகைக்கு ஏற்ற குதிரைலாட வடிவத் தாங்கியையே அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குத் தேர்ந்தனர். பாப்பு 1982இல் காலமானார். தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறந்துவைக்கப்பட்டது.