மாமல்லைக் கடற்கரையும் மீட்பின் பொருளும்

பாலைவனமும் கடலும் ஒரு வகையில் ஒத்தவை. இரண்டிலும் நிலையான பாதை இல்லை. முன் சென்றோரின் சுவடு தங்குவதுமில்லை. ஆகவே அங்கு வழி தவறியவர் தம் முயற்சியால் மட்டும் மீள்வது அரிது. ஆகார் பெயெர்செபாவின் வனாந்தரத்தில் அலைந்தாள். பவுல் ஆதிரியாக் கடலில் பதினான்கு நாள் அலைக்கழிக்கப்பட்டார். செங்கற்பட்டுக் கடற்கரையில் வாழும் நம் சபைகளுக்குப் பாலைவனம் அயலானது. கடலோ அண்டை வீடு போன்றது. அக்கரையில் வழி தவறியோர் எவ்வாறு கரை சேர்ந்தனர் என்று ஆராய்வது, மீட்பு என்னும் சொல்லை நாம் கையாளும் முறையைச் சீர்தூக்கிப் பார்க்க உதவும் எனக் கருதுகிறோம்.

1. பாறைமேல் விளக்கு

ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை 'ஏழு கோயில்கள்' என்று அழைத்தனர். 1788இல் வெளியான வில்லியம் சேம்பர்ஸ் கட்டுரையின் தலைப்பே இதற்குச் சான்று. தாழ்ந்த மணற்கரையில் தொலைவிலிருந்து கண்டறியத்தக்க அடையாளங்கள் சிலவே. தெற்கிலிருந்து சென்னை நோக்கி வந்த கப்பல்களுக்கு இக்கோயில்களும் குன்றும் வழிகாட்டின. இரவில் வருவோருக்கோ விளக்கு தேவைப்பட்டது. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் நிற்கும் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் பல்லவர் காலத்துச் சிவாலயம். 19ஆம் நூற்றாண்டில் அதன் கூரையே கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. நாள்தோறும் உழக்கு எண்ணெய் வார்த்து விளக்கேற்றியதால் அப்பெயர் வந்தது என்று ஒரு விளக்கமும் வழங்குகிறது. அதனருகே எழுப்பப்பட்ட கருங்கற் கோபுரம் 1904இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோயிற் கூரைக்கு அப்பணி இல்லாமற் போயிற்று.

அவ்வொளியைக் கண்டு ஆறுதலடைந்த மாலுமிகளுள் கிறிஸ்தவர் பலர் இருந்திருப்பர். அது எச்சமயத்தாரின் கூரைமேல் எரிகிறது என்று இருளில் தத்தளிப்பவர் கேட்பதில்லை.

2. அலைகளைக் கடந்தோர்

எனினும் விளக்கு திசையைக் காட்டுமேயன்றிக் கரை சேர்ப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை, சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. இடையே கொந்தளிக்கும் அலைவரிசைகளைக் கடந்தவை மசூலாப் படகுகளே. ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யப்பட்டமையால், அலை மோதியபோது அவை உடையாமல் வளைந்து கொடுத்தன. படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தோரைத் தூக்கிவிடக் கட்டுமரங்கள் உடன் சென்றன. உயிர் காத்த கட்டுமரத்தார்க்கு அரசு பதக்கம் வழங்கியதும் உண்டு. இந்நாட்டுக்கு வந்த மிஷனெரிகள் பலர் நற்செய்தியை அறிவிக்கும் முன்னரே, அதனைக் கேட்டிராத மீனவரின் கைகளால் கரை சேர்ந்தனர். நம் திருச்சபை வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்கின்றன.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. படகோட்டிகள் பேராசைக்காரர், பயணிகளை மிரட்டிப் பணம் பறிப்பவர் என்ற குறை அக்கால ஆங்கிலேயர் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. உயிரைப் பணயம் வைத்தவரின் கூலிக் கணக்கைக் கூலி கொடுத்தவரே எழுதினார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டையின் கல்லறைக் கற்கள் வணிகர் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. அவர்களைக் கரை சேர்த்தோருக்கு அத்தகைய கல் எதுவும் இல்லை.

3. மெலித்தாவின் நெருப்பு

இப்பின்னணியில் அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28ஆம் அதிகாரங்கள் புதிய பொருள் தருகின்றன. கப்பலில் இருந்தோர் 276 பேர். அவர்கள் தப்பிப் பிழைத்தலைக் குறிக்க லூக்கா கையாளும் கிரேக்கச் சொல் 'சோட்சோ'. ஆன்மீக இரட்சிப்பைக் குறிப்பதும் அதே சொல்லே. கரையேறியோருக்கு மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டியவர்கள் மெலித்தா தீவார். கிரேக்கம் பேசாதவர் என்னும் பொருளில் லூக்கா அவர்களை அந்நியர் என்கிறார்; ஆனால் அவர்களது அன்பைப் 'பிலாந்த்ரோப்பியா' எனச் சிறப்பிக்கிறார். அப்பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் மற்றோரிடத்தில் மட்டுமே வருகிறது (தீத்து 3:4). அங்கே அது மனுக்குலத்தின்மேல் தேவன் காட்டிய அன்பைக் குறிக்கிறது. தேவனுடைய அன்புக்குரிய சொல்லை, அவரை அறியாத தீவாரின் செயலுக்கும் வழங்க லூக்கா தயங்கவில்லை. அப்போஸ்தலனே அங்கு மீட்கப்பட்டவன். நெருப்பருகே நின்று குளிர்காய்ந்தவன்.

4. இன்றைய சபைக்கு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆலயங்களில் ஆராதனை நடந்துகொண்டிருந்த காலை வேளையில் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் மீனவ மக்களே மிகுதி. திருச்சபைகள் உணவும் படகும் வீடும் அளித்தன. அது நற்பணியே. ஆயினும் அந்நாள் முதல் மீனவரை உதவி பெறுவோராக மட்டுமே காணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதோ, மீனவர் தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து நகரத்தாரை மீட்டனர். அவ்வாறு மீட்கப்பட்டோரில் கிறிஸ்தவர் இல்லை என்று யார் கூற முடியும்?

திருச்சபையை மூழ்கும் உலகுக்கு அனுப்பப்பட்ட மீட்புப் படகாகவே நம் பிரசங்கங்கள் சித்திரிக்கின்றன. அவ்வுருவகம் தவறன்று, முழுமையானதுமன்று. இக்கடற்கரையின் வரலாற்றில் நாம் மீட்டோராக இருந்ததற்கு முன்னரே மீட்கப்பட்டோராக இருந்திருக்கிறோம். அதுவும் நாம் அந்நியர் என்று கருதியோரின் கைகளால். இதனை ஏற்பது கிறிஸ்துவின் மீட்பைக் குறைப்பதாகாது. அவர் நமக்கு யாரைக் கொண்டு உதவி அனுப்புவார் என்பதை நாம் வரையறுக்க இயலாது என்ற தாழ்மையையே அது கற்பிக்கிறது. கடலோரச் சபைகளில் பணியாற்றச் செல்லும் போதகர், உதவிப் பட்டியலுடன் மீனவக் குப்பத்துக்குள் நுழையும் முன், தம் முன்னோரைக் கரை சேர்த்தோரின் சந்ததியாரிடம் செல்கிறோம் என்று நினைந்து செல்வாராக.