பொருள் மறந்த சொல்லும் பெற்றோர் கடனும்: கொச்சிக் கரையின் சவிட்டு நாடகம் குறித்துச் சில எண்ணங்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுப் பள்ளி என்றோர் ஆலயம் உண்டு. 1653 ஜனவரி 3ஆம் நாள், மலையாளக் கரையின் தோமா கிறித்தவர்கள் இங்குத் திரண்டு, இயேசு சபையாரின் அதிகாரத்துக்கு இனிக் கட்டுப்படுவதில்லை என்று ஆணையிட்டனர். திரண்டோர் அனைவரும் சிலுவையைத் தொட இயலாமையால் அதில் கயிறுகளைக் கட்டிப் பற்றிக்கொண்டார்கள் என்றும், இழுப்பில் சிலுவை சாய்ந்தமையால் 'கூனன்' என்னும் பெயர் அமைந்தது என்றும் மரபுரை கூறும்.

இந்நிகழ்வைத் திருச்சபை அதிகாரப் போராட்டமாகவே நம் வரலாற்று நூல்கள் பெரிதும் விளக்குகின்றன. அது பிழையன்று. ஆயினும் அம்மக்கள் தம் நிலைப்பாட்டுக்கு இட்ட பெயரைக் கருத வேண்டும். 'மார்த்தோமாவின் மார்க்கமும் வழிபாடும்' என்பதே அவர்களது சொல். தம் தந்தையரும் பாட்டன்மாரும் நடந்த வழி என்பதே அதன் உட்பொருள். 1599 ஜூனில் உதயம்பேரூரில் பேராயர் அலெய்சோ டி மெனசிஸ் கூட்டிய சங்கம், அவர்களுடைய சிரியாக் மொழி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் விதித்திருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தப் புண் ஆறவில்லை. முன்னோர் கையளித்த ஏட்டை இழந்தவர்களின் சினமும் அந்தக் கயிறுகளில் இருந்தது.

பெற்றோரை மதித்தல் என்பது கிறித்தவ அறநெறியில் ஒரு கட்டளை. கலை அதை எவ்வாறு நிறைவேற்றியது என்பதே இப்பதிவின் வினா. இதற்கு விடைதேட, தோமா கிறித்தவரிடமிருந்து சற்று விலகி, அதே கொச்சிக் கரையின் இலத்தீன் கத்தோலிக்கரிடம் செல்கிறேன். இவ்விரு சமூகங்களின் வரலாறும் வழிபாட்டு மரபும் வேறு. மாணவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. முன்னவர் கதை இழந்த ஏட்டைப் பற்றியது. பின்னவர் கதை இழக்காமல் வைத்திருந்த ஏட்டைப் பற்றியது. அந்த ஏட்டின் மொழியில் தமிழ் கலந்திருந்தமையால் நமக்கு அதில் தனி உரிமையும் பொறுப்பும் உண்டு.

கொச்சிக்கும் தமிழ்க் கிறித்தவ எழுத்துக்கும் உள்ள உறவு பழையது. அண்டிரிக்கு அடிகளார் என்று நாம் அறியும் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி, 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14இல், கொச்சியின் மாத்ரே தே தேவுஸ் கல்லூரியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சேறியது. மார்கோஸ் ஜோர்ஜ் எழுதிய போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம் அது. கேள்வியும் மறுமொழியுமாக அமைந்த அவ்வகை நூல்களில் பத்துக் கற்பனைகள் இன்றியமையாப் பகுதி. தாய் தந்தையரை மதிப்பது கத்தோலிக்கர் எண்ணும் வரிசையில் நான்காவது. சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் அதனை ஐந்தாவதாக எண்ணுவர்.

அந்நான்காம் கற்பனையின் எல்லை அக்காலத்தில் எவ்வளவு விரிவாகக் கொள்ளப்பட்டது என்பது இங்கு முதன்மையானது. திரெந்து பொதுச்சங்கத்தின் ஆணைப்படி 1566இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி நூல், 'பெற்றோர்' என்னும் சொல்லுள் ஈன்றவரை மட்டும் அடக்கவில்லை. ஆயர், ஆள்வோர், காப்பாளர், ஆசிரியர், முதியோர் ஆகியோரையும் அது சேர்த்தது. தமிழ் மாணவருக்கு இது புதிதாகத் தோன்றாது. அரசன், ஆசான், தாய், தந்தை, தமையன் என ஐங்குரவரை ஒருசேர வைத்து வணங்கச் சொல்வது நம் மரபு. இருவேறு நிலங்களில் தோன்றிய இவ்விரு பட்டியல்களும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன: கற்பித்தவனும் பெற்றவனே. கடற்கரையில் மறைபரப்பியோர் சொன்ன கட்டளை அம்மக்களின் காதில் ஏற்கெனவே அறிந்த ஓர் ஒழுக்கமாக விழுந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனிச் சவிட்டு நாடகத்துக்கு வருவோம். 'சவிட்டுதல்' என்பது மிதித்தல். குமரி மாவட்டத்தார் 'சவுட்டு' என்று இன்றும் வழங்குவர். மரப்பலகை பரப்பிய உயர்ந்த தட்டின்மேல், ஐரோப்பிய மன்னரும் வீரரும் போல உடையணிந்த ஆடவர் பாடிக்கொண்டே காலால் அழுத்தி மிதித்து ஆடுவர். பலகையின் ஓசையும் ஒரு வாத்தியமாகும். பெண் வேடங்களையும் முன்பு ஆடவரே பூண்டனர். கதைகள் பெரும்பாலும் ஐரோப்பியக் கிறித்தவக் கதைகள். சார்லமேன் பேரரசனையும் அவனுடைய பன்னிரு வீரரையும் பாடும் காறல்மான் நாடகம் அவற்றுள் புகழ்பெற்றது. பல இரவுகள் தொடர்ந்து நடிக்கப்பெற்றது.

பயிற்றுவிப்பவர் ஆசான், அவருக்கு இன்னொரு பெயர் அண்ணாவி. நாடக ஏடு சுவடி. நகைச்சுவையும் அறிமுகமும் கட்டியக்காரன் பங்கு. இச்சொற்களைக் கேட்ட தமிழ் மாணவர் எவரும் தம் ஊர்த் தெருக்கூத்தை நினைவுகூர்வர். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு மாணவர்கள் தம் அண்ணாவிமாரை நினைவுகூர்வர். காறல்மான் நாடகத்தின் ஆசிரியராக மரபு குறிப்பிடும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் என்பர். பழைய சுவடிகளின் மொழி தமிழும் மலையாளமும் விரவியது. அதனைச் 'செந்தமிழ்' என்றே அங்குள்ளோர் குறிப்பிட்டனர். மன்னாரின் வாசாப்பு, நம் தென்கரையின் வாசகப்பா, கொச்சியின் சவிட்டு நாடகம் ஆகிய மூன்றையும் ஒரே கடல்வழிப் பண்பாட்டின் கிளைகளாக வைத்து ஆராய்வதே முறை என்று கருதுகிறேன்.

இந்நாடகங்களுள் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது அல்லேசு நாடகம். புனித அலெக்சியுசின் கதை அது. போர்த்துக்கீசியர் அப்பெயரை 'அலெய்சோ' என்பர். உதயம்பேரூர்ச் சங்கத்தைக் கூட்டிய பேராயரின் பெயரும் அதுவே. கதை இவ்வாறு செல்லும்: உரோமைச் செல்வர் ஒருவரின் ஒரே மகன் திருமண இரவிலேயே மனைவியையும் பெற்றோரையும் துறந்து எதேசா நகருக்குச் சென்று இரந்துண்டு வாழ்கிறான். 17 ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வீட்டுக்கே இரவலனாகத் திரும்புகிறான். அவனை எவரும் அடையாளம் காணவில்லை. மாடிப்படியின் கீழ் இடம்பெற்று, பணியாளரின் இகழ்ச்சியைப் பொறுத்து, மேலும் 17 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து இறக்கிறான். இறந்தவன் கையிலிருந்த மடல் விரிக்கப்பட்ட பின்பே அவன் யாரென்று பெற்றோர் அறிகின்றனர். பிரெஞ்சு மொழியில் இக்கதை 11ஆம் நூற்றாண்டிலேயே காவியமாகப் பாடப்பெற்றது.

இங்கு ஒரு முரண் எழுகிறது. நான்காம் கற்பனையை மனப்பாடம் செய்த ஒரு சமூகம், பெற்றோரைக் கண்ணீரில் விட்டுச் சென்ற மகனைப் புனிதனாக ஏன் ஆடியது? இறையியல் விடை ஒன்றுண்டு: தந்தை தாயினும் மேலாகத் தம்மை நேசிக்குமாறு இயேசு சீடரைக் கேட்டதை மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஆனால் அரங்கியல் விடை வேறு. இக்கதையின் உச்சம் மகனின் துறவன்று. மடல் விரிக்கப்பட்ட பின் தாயும் தந்தையும் மனைவியும் அழும் அழுகையே அதன் உச்சம். பழைய பிரெஞ்சுக் காவியத்திலும் அப்புலம்பல்கள் நீண்டு நிற்கின்றன. துறவியைப் போற்றும் கதை, துறக்கப்பட்டவர்க்கே இறுதிச் சொல்லை அளிக்கிறது. கட்டளையைத் தாண்டிச் சென்ற மகனின் கதைக்குள்ளேயே கட்டளை தன் இடத்தை மீட்டுக்கொள்கிறது.

ஜெனோவா நாடகத்தில் இதே அறம் வேறு வழியில் வருகிறது. பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசி, ஒரு பெண்மானின் பாலால் தன் மகனை வளர்க்கிறாள். தாயின் துன்பமே அம்மகனின் உலகம். 1953இல் எம்.ஜி.ஆர். நடித்துத் தமிழிலும் மலையாளத்திலும் வெளிவந்த 'ஜெனோவா' திரைப்படம் இக்கதையே. கரையோரத் தட்டில் மிதித்து ஆடப்பட்ட ஐரோப்பியத் தொன்மம் ஒன்று இரு மொழி மக்களுக்கும் பொதுவாக விளங்கியது என்பதற்கு அப்படம் ஒரு சான்று.

எனினும் பெற்றோரை மதித்தல் கதைப்பொருளில் மட்டும் நிகழவில்லை. அது கையளிக்கும் முறையிலேயே மிகுதியாக நிகழ்ந்தது. சுவடி ஆசானிடமிருந்து மாணவனுக்கும், பல குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கும் சென்றது. காலப்போக்கில் மலையாளம் ஒன்றையே அறிந்த தலைமுறையினர், முழுதும் விளங்காத தமிழ்ச் சொற்களை அடிபிறழாமல் பாடினர். படியெடுக்கையில் சொற்கள் திரிந்தன, சந்தி சிதைந்தது. ஆயினும் தாளம் தவறவில்லை. காலின் மிதி சொல்லைக் காத்தது.

'பொருள் தெரியாமல் பாடுவதில் என்ன மதிப்பு உள்ளது?' என்று கேட்கலாம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினேன். பொருளறியாப் பாட்டு வெறும் எச்சம் என்பது கல்விப்புலத்தில் பயின்ற நமக்கு எளிதில் தோன்றும் முடிவு. ஆனால் மதித்தல் என்பது விளங்கிக்கொண்ட பின் செய்யும் செயல் மட்டுமன்று. நம் பெற்றோரை நாம் முழுதும் விளங்கிக்கொண்ட பின்பா மதிக்கிறோம்? அவர்கள் சொற்களுள் பலவற்றின் பொருள் நமக்குப் பிந்தியே தெரிகிறது. சில தெரிவதே இல்லை. தெரியாத சொல்லையும் சிதையாமல் அடுத்தவர் கையில் சேர்ப்பது ஒரு கடன். கொச்சிக் கரையின் மீனவரும் தச்சரும் கூலித் தொழிலாளரும் அக்கடனைச் செய்தனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொருள் விளங்காத மொழி அவையைச் சுருக்கியது. இரவு முழுதும் ஆடும் நாடகத்துக்குச் செலவும் ஓய்வும் தேவை. திரைப்படம் வந்தபின் இரண்டும் குறைந்தன. புதிய ஆசிரியர்கள் மலையாளத்திலேயே நாடகங்களை எழுதலாயினர். அதுவும் முன்னோரை அவமதிப்பதன்று. கலை உயிரோடிருக்கச் செய்த முயற்சியே. முன்னோரின் சொல்லைக் காப்பதா, முன்னோர் அவையோரிடம் எழுப்பிய உணர்வைக் காப்பதா என்னும் வினாவுக்கு எளிய விடை இல்லை.

இக்கலையை எழுத்துலகுக்குக் கொணர்ந்தவர் சபீனா ராபி. பெரியாற்றுத் தீவான கோதுருத்தைச் சேர்ந்த ஆசிரியை அவர். 1964இல் வெளிவந்த அவருடைய 'சவிட்டு நாடகம்' என்னும் மலையாள நூலே இத்துறையின் முதல் விரிவான ஆய்வு. தன் ஊராரின் அரங்கை, பெண்களுக்கு மேடையில் இடமளிக்காத ஓர் அரங்கை, ஒரு பெண் வரலாறாக்கினார். ஆடியவர்கள் பாடிக் காத்ததை அவர் எழுதிக் காத்தார். நான்காம் கற்பனை மகன்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இன்று சவிட்டு நாடகம் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் போட்டிப் பிரிவாக உள்ளது. பல இரவுகள் ஆடிய கதை சில நிமிடங்களுள் அடங்குகிறது, மாணவியரும் ஆடுகின்றனர். இதனை இழப்பென்று மட்டும் கூறமாட்டேன். ஆனால் போட்டிக்கு வேண்டியது சில காட்சிகளே. சுவடி முழுவதும் அன்று. எஞ்சிய பக்கங்கள் வீட்டுப் பெட்டிகளில் கரையானுக்கு இரையாகின்றன. அவற்றின் தமிழை வாசிக்கத் தெரிந்தவர் அங்கு அரியர்; அவற்றின் இருப்பை அறிந்தவர் இங்கு அரியர்.

தனிப்பட்ட செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். என் தந்தையார் எங்கள் ஊர் வாசகப்பாவில் இளமையில் வேடமேற்றவர். அவர் மறைந்தபின் பெட்டியிலிருந்து, கோடிட்ட நோட்டு ஒன்றில் அவர் படியெடுத்து வைத்திருந்த பாடல்கள் கிடைத்தன. பல சொற்கள் எனக்கு விளங்கவில்லை. அவர் இருந்தபோது கேட்டிருக்கலாம்; பட்டத்துக்கான ஆய்வில் மூழ்கியிருந்த நான் கேட்கவில்லை. கொச்சிச் சுவடிகளைத் தேடிச் செல்லத் தொடங்கியது அதன் பின்னரே. விளங்காத சொல்லை விளங்காதபடியே பிழையின்றிப் படியெடுக்க இப்போது கற்றுவருகிறேன்.

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ ஊரிலோ கூத்து, வாசகப்பா, வாசாப்பு, சவிட்டு நாடக ஏடுகள் இருப்பின், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படம் எடுத்து வையுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். திரிபுகளே நமக்குச் சான்று. ஏட்டுக்கு உரியவர் பெயரையும், அவருக்குக் கற்பித்த அண்ணாவியின் பெயரையும் குறித்து வையுங்கள். பாடத் தெரிந்த முதியவர் இருந்தால், இந்த விடுமுறையிலேயே சென்று பதிவுசெய்யுங்கள். ஆய்வேட்டின் இயல் ஒன்று அதனால் தாமதமானாலும் தாழ்வில்லை.